கம்ப்யூட்டர் கதவு திறக்கவில்லையா? கலங்காதீர்கள்!

பீரோ சாவி தொலைந்துபோனால் என்ன செய்வது என்று நமக்கெல்லாம் தெரியும். அரிசி டின்னுக்குப் பின்னால், சாமி படத்துக்கு அடியில், தலையணை உறைக்குள் என்று முதலில் தேடுவோம். கிடைக்காவிட்டால் சாவி செய்கிறவரைக் கூப்பிடுவோம். அவர் ஒரு கம்பியை விட்டு நெம்பி, அரை மணியில் திறந்து கொடுத்துவிடுவார். பட்டுப் புடவையும் நகையும் வைத்தது வைத்தபடி இருக்கும்.

ஆனால், கம்ப்யூட்டரின் பாஸ்வேர்ட் மறந்துபோனால்? பலருக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. இன்றைக்குக் கம்ப்யூட்டருக்குள்ளே என்னதான் இல்லை? பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், வீட்டுக் கடன் பத்திரத்தின் நகல், மகளிர் குழுவின் வரவு செலவு, காலமான அப்பாவின் குரல் பதிவான ஒரே வீடியோ... இத்தனையும் ஒரே ஒரு வார்த்தைக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கின்றன. அந்த வார்த்தை மறந்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைத்து அழுகிற சகோதரிகளை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் போய்விடுவதில்லை. அவசரப்பட்டுச் செய்கிற காரியத்தால்தான் போகிறது!

எங்கள் தெருவில் நடந்தது

தூத்துக்குடியில் கப்பல்காரர் வீடுகள் நிறைய உண்டு. எங்கள் தெருவிலும் அப்படி ஒரு குடும்பம். கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். ஏறினால் ஏழெட்டு மாதம் கழித்துத்தான் வீடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் லேப்டாப் வாங்கி, எல்லாவற்றையும் தன் பெயரிலேயே ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். மனைவி நாலு எண்ணைத் தட்டித் திறந்து, குழுக் கணக்கு எழுதி வந்தாள். நடுவில் அம்மாவுக்கு உடம்புக்கு ஆகாமல் மூன்று மாதம் திருநெல்வேலியில் இருக்கும்படி ஆயிற்று. திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்தால் அந்த நாலு எண் நினைவில் இல்லை!

மகளின் பொறியியல் கவுன்சலிங்குக்குச் சான்றிதழ்களை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். கடைசி நாளுக்கு இரண்டே நாள் பாக்கி. ஸ்கேன் செய்த பிரதிகள் எல்லாம் அந்த லேப்டாப்பில். "அக்கா, நானும் என்னென்னமோ போட்டுப் பாத்துட்டேன். தொறக்க மாட்டேங்குது. கடைக்குக் கொண்டு போனா, ஃபார்மெட் அடிச்சிருவோம், ஐந்நூறு ரூவா ஆகும்ங்காங்க. குடுத்துரட்டுமா?" என்று வந்து நின்றாள்.

"ஒரு ராத்திரி பொறு. அண்ணாச்சிக்கு முதல்ல தகவல் சொல்லு" என்றேன்.

கப்பலில் இருக்கிற இன்டர்நெட் வழியாகக் கணவரைப் பிடித்தாள். அவருக்கும் பாஸ்வேர்ட் நினைவில் இல்லை. மறந்தவர்களுக்கு அனுப்புகிற ரகசிய எண் அவருடைய இந்திய செல்போனுக்கு வரும். நடுக்கடலில் அதற்கு ஏது சிக்னல்? ஆனால், "நீயே பாத்து செய்" என்று சம்மதம் கொடுத்துவிட்டார். அது முக்கியம். புருஷன் கணக்கானாலும் அவருடைய அனுமதியோடு திறப்பதுதான் முறை.

மறுநாள் காலையில் அவள் செல்போனிலேயே மைக்ரோசாஃப்ட் பக்கத்தைத் திறந்து, 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்பதை அழுத்தினோம். ரகசிய எண்ணை எங்கே அனுப்பட்டும் என்று கேட்டு, இரண்டு வழியைக் காட்டியது. ஒன்று கணவரின் செல்போன். மற்றொன்று ஒரு மெயில் முகவரி. முதல் இரண்டு எழுத்து மட்டும் தெரிய, மீதி எல்லாம் நட்சத்திரக் குறி. அவள் அதையே உற்றுப் பார்த்தாள். "அக்கா... இது என் மெயிலு மாதிரில்லா இருக்கு!"

அவளுடையதேதான்! மூன்று வருஷத்துக்கு முன்னால் கணவர் ஒரு பேச்சுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறார். முழு முகவரியையும் அடித்துக் காட்டச் சொன்னது. அடித்தாள். ரகசிய எண் வந்தது. புதுப் பாஸ்வேர்ட் கொடுத்தாயிற்று. லேப்டாப்பை செல்போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, புதுப் பாஸ்வேர்டைப் போட்டதும் திறந்துகொண்டது. மொத்தம் இருபது நிமிஷம். சான்றிதழ்கள் அன்று மாலையே போய்ச் சேர்ந்தன.

மறதி ஒரு வியாதி அல்ல

"எனக்கு மூளையே மழுங்கிப் போச்சு" என்று பெண்கள் தங்களையே திட்டிக்கொள்வது வழக்கம். தேவையில்லை, சகோதரிகளே! ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற உளவியல் அறிஞர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் மறக்கிறது என்று தம்மிடமே பரிசோதித்து, 1885-ல் ஒரு நூலாக வெளியிட்டார். அர்த்தமில்லாதது முதல் ஒரு நாளிலேயே வேகமாக மறந்துவிடுகிறது. திரும்பத் திரும்பச் சொன்னால்தான் தங்குகிறது என்று கண்டார். பாஸ்வேர்ட் என்பதும் அர்த்தமில்லாத எழுத்துக் கோவைதானே? மூன்று மாதம் தொடாவிட்டால் மறக்கத்தான் செய்யும்.

தெரிந்த கடைத்தெருவுக்கே வழி தவறுவது, கேட்ட கேள்வியையே மறுபடி மறுபடி கேட்பது, வருஷக்கணக்காகப் பார்த்து வந்த வீட்டுக் கணக்கு திடீரென்று புரியாமல் போவது... இவை இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பாஸ்வேர்ட் மறப்பது அந்த ரகம் அல்ல.

பதற்றத்தில் நினைவு இன்னும் ஒளிந்துகொள்ளும். எழுந்து ஒரு டம்ளர் மோர் குடியுங்கள். பிறகு வழக்கமான இடத்தில் வழக்கம்போல் உட்கார்ந்து, வேறு எதையாவது பேசிக்கொண்டே விரல்களை அதன் போக்கில் விடுங்கள். மனசு மறந்ததைச் சில சமயம் விரல் மறப்பதில்லை.

முதலில் இந்தச் சோதனைகள்

மறந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை:

1. கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா? எரிந்தால் சின்ன எழுத்தெல்லாம் பெரிய எழுத்தாக விழும். எண்களுக்கு நம் லாக் பொத்தானையும் பாருங்கள்.

2. தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் இதை அவசியம் கவனியுங்கள். கீபோர்டு தமிழுக்கு மாறியிருந்தால் சரியான பாஸ்வேர்டும் தப்பாகிவிடும். திரையின் கீழ் மூலையில் எந்த மொழி என்று காட்டும். விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ் பட்டையைச் சேர்த்து அழுத்தினால் மாறும்.

3. பாஸ்வேர்ட் கட்டத்தின் ஓரத்தில் கண் போல ஒரு படம் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் நீங்கள் அடித்தது கண்ணுக்குத் தெரியும். ஒரு பொத்தான் பழுதாகி விழாமல் இருந்தாலும் தெரிந்துவிடும். உப்புக் காற்று வீசும் எங்கள் ஊரில் இந்தக் கோளாறு சகஜம்.

4. திரை கேட்பது பாஸ்வேர்டா, பின் எண்ணா? இரண்டும் வேறு வேறு. 'சைன் இன் ஆப்ஷன்ஸ்' என்பதை அழுத்தினால் மாற்றிக்கொள்ளலாம். ஒன்று மறந்தாலும் மற்றது நினைவிருந்தால் போதும்.

பின் எண்ணைப் பலமுறை தப்பாகப் போட்டால், திடீரென்று 'ஏ1பி2சி3' என்று அடிக்கச் சொல்லும். பயப்படாதீர்கள். பொத்தான்கள் தானாக அழுந்தவில்லை, ஆள்தான் அடிக்கிறார் என்று உறுதி செய்துகொள்கிறது, அவ்வளவுதான்.

எந்தப் பூட்டு என்று பாருங்கள்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இரண்டு விதமான கணக்குகள் உண்டு. திரையில் பெயருக்குக் கீழே மெயில் முகவரி தெரிந்தால் அது மைக்ரோசாஃப்ட் கணக்கு. வெறும் பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் உள்ளூர்க் கணக்கு. வைத்தியம் இரண்டுக்கும் வேறு.

மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் மேலே சொன்ன மாதிரி வேறு எந்த செல்போனிலிருந்தும் பாஸ்வேர்டை மாற்றலாம். மாற்றிய பிறகு பூட்டிய கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் புதுப் பாஸ்வேர்ட் அதற்குத் தெரியாது. பின் எண் மட்டும் மறந்திருந்தால், 'ஐ ஃபர்காட் மை பின்' என்பதை அழுத்தி, பாஸ்வேர்டைக் கொடுத்துப் புது எண் வைத்துக்கொள்ளலாம்.

உள்ளூர்க் கணக்கு என்றால் ஒரு தரம் தப்பாக அடித்துப் பாருங்கள். 'ரீசெட் பாஸ்வேர்ட்' என்று கீழே தோன்றும். 2018-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து கணக்கு தொடங்கும்போதே மூன்று ரகசியக் கேள்விகளுக்குப் பதில் கேட்டு வைத்துக்கொள்கிறது. அந்தப் பதில்களைச் சொன்னால் திறந்துவிடும். அதே கம்ப்யூட்டரில் நிர்வாகி உரிமையோடு இன்னொருவர் கணக்கு இருந்தாலும் அதன் வழியாக மாற்றலாம். ஆனால், அப்படி மாற்றினால் உங்கள் கணக்கில் சேமித்து வைத்திருந்த மற்ற பாஸ்வேர்டுகள் கிடைக்காமல் போகலாம். ஆகவே அதை இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மாநிலத்தில் 2011-ல் தொடங்கி மாணவர்களுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்தான் பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டர். அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பழைய பெட்டிதானே என்று மூலையில் போட்டிருந்தால், விண்டோஸ் திறக்காவிட்டாலும் லினக்ஸ் பக்கம் திறக்கிறதா என்று பார்க்கலாம். அங்கிருந்தே படங்களை எடுத்துவிடவும் முடியலாம்.

'ஃபார்மெட்' என்றால் என்ன?

'ஃபார்மெட் அடித்துவிடலாம்' என்பது, 'பீரோவைத் திறக்க முடியவில்லை, உள்ளே இருப்பதையெல்லாம் கொளுத்திவிட்டுப் புதுப் பூட்டு போட்டுத் தருகிறேன்' என்பதற்குச் சமம்! கம்ப்யூட்டர் ஓடும். ஆனால், உங்கள் சாமான் இருக்காது. கடைக்காரருக்கு அது சுலபமான வேலை. அவர் சட்டென்று அதைச் சொல்வதில் ஆச்சரியமில்லை.

கொடுப்பதற்கு முன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: "உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுத்துத் தர முடியுமா?" பூட்டு விண்டோஸ் வாசலில்தான் இருக்கிறது. தகவல் இருக்கும் டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டியோ, லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் மூலமாகத் தொடங்கியோ பல சமயம் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிடலாம். கடைக்குப் போகும்போது வாங்கிய ரசீதையும் கொண்டு போங்கள். யாருடைய கம்ப்யூட்டர் என்று கேட்பதுதான் நல்ல கடைக்கு லட்சணம்.

இதற்கும் ஒரு விலக்கு உண்டு. புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்கில் இருப்பது முழுவதும் ரகசிய எழுத்தாக மாற்றியே வைக்கப்படுகிறது. அதற்கு பிட்லாக்கர் என்று பெயர். டிஸ்கைக் கழற்றினாலும் படிக்க முடியாது. அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். இன்றைக்கு எல்லாம் திறந்திருக்கும்போதே அதைப் பார்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

கயிறு யார் கையில்?

எங்கள் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதைப் பார்த்த பெரியவர்கள் சொன்ன கதைகள் இன்னும் கடற்கரையில் உலவுகின்றன. குளிக்கிறவர் கல்லைக் கட்டிய கயிற்றோடு அடியில் இறங்குவார். மூச்சு முட்டுகிற நேரத்தில் கயிற்றை ஆட்டுவார். மேலே தோணியில் இருப்பவர் இழுக்க வேண்டும். ஒரு கணம் அசந்தாலும் உயிர் போய்விடும். அதனால்தான் கயிற்றை மச்சினன் கையில் கொடுப்பார்களாம். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறதே, விடுவானா?

பாஸ்வேர்ட் மறந்தவருக்கு மீட்பு செல்போனும் மீட்பு மெயிலும்தான் அந்தக் கயிறு. அது யார் கையில் இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பையனின் பழைய நம்பர், மூடிப்போன கம்பெனியின் மெயில், கடையில் லேப்டாப்பைத் தயார் செய்து கொடுத்த பையனின் மெயில்கூட இருக்கலாம்!

செல்போன் நம்பரும் நிரந்தரம் அல்ல. ப்ரீபெய்ட் சிம்மை 90 நாள் எதற்கும் உபயோகிக்காமல், 20 ரூபாய்க்குக் குறைவாக இருப்பு வைத்திருந்தால் இணைப்பைத் துண்டிக்கலாம் என்று விதி இருக்கிறது. பிறகு அதே நம்பர் வேறொருவர் கைக்குப் போய்விடலாம். ஏழு மாதம் கடலில் இருக்கிறவரின் நம்பரை மட்டும் நம்பினால் என்ன ஆகும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தெருத் தெருவாக வீட்டுக்குள் தண்ணீர். செல்போனும் கம்ப்யூட்டரும் நோட்டுப் புத்தகமும் ஒரே அலமாரியில் இருந்தால், போகும்போது எல்லாம் ஒன்றாகத்தான் போகும். கயிற்றில் ஒரு முனை வீட்டுக்கு வெளியே, மகளிடமோ தங்கையிடமோ இருக்கட்டும்.

மீட்பு நம்பரும் மெயிலும் இரண்டுமே இல்லாமல் போய், எல்லாவற்றையும் புதிதாகக் கொடுக்க வேண்டி வந்தால், மைக்ரோசாஃப்ட் 30 நாள் காக்க வைக்கிறது. திருடன் மாற்றுகிறானோ என்ற ஜாக்கிரதைதான். ஆனால், கடைசித் தேதி நமக்காக 30 நாள் காத்திருக்காது.

ஆகவே, வீட்டுக்காரர் கப்பல் ஏறும் முன், அல்லது வளைகுடாவுக்கு விமானம் ஏறும் முன், பெட்டி கட்டுவதோடு இவற்றையும் பார்த்துவிடுங்கள்:

• கணக்கில் உங்கள் செல்போன், உங்கள் மெயில் இரண்டும் மீட்புக்காகச் சேர்ந்திருக்கின்றனவா?

• கம்ப்யூட்டரில் உங்களுக்கென்று தனிக் கணக்கு, நிர்வாகி உரிமையோடு இருக்கிறதா?

• முக்கியமான சான்றிதழ்களும் படங்களும் ஒரு பென் டிரைவிலோ வெளி டிஸ்கிலோ நகல் ஆகியிருக்கின்றனவா?

எழுதி வைக்கலாமா?

பாஸ்வேர்டை எழுதவே கூடாது என்று பிள்ளைகள் நம்மை மிரட்டுவார்கள். ஒரு விஷயம் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டைக் கொண்டுவந்தவர் என்று பெயர் பெற்றவர் ஃபெர்னாண்டோ கார்பட்டோ. அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தில், 1960-களின் தொடக்கத்தில், ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போட்டுக்கொண்டபோது அவரவர் கோப்பு அவரவர்க்கு என்று பிரிக்கச் செய்த ஏற்பாடு அது. 2019-ல் தமது 93-வது வயதில் காலமான அவரே, சுமார் 150 பாஸ்வேர்டுகளைக் காகிதத்தில் குறித்து வைத்திருந்ததாக 2014-ல் சொன்னார். அவருக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்!

எழுதாமலும், எழுதியதைத் தொலைத்தும் தவித்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் வசித்த ஸ்டெஃபன் தாமஸ் என்ற கம்ப்யூட்டர் நிபுணரிடம் 7,002 பிட்காயின்கள் இருந்தன. அதன் சாவி இருந்த சின்னக் கருவியின் பாஸ்வேர்டை எழுதிய காகிதம் தொலைந்துவிட்டது. பத்து முறைதான் முயற்சி செய்யலாம். அதற்கு மேல் அந்தக் கருவி நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். எட்டு முறை தப்பாகப் போட்டுவிட்டார் என்று 2021 ஜனவரியில் உலகமெங்கும் செய்தி வந்தது. அன்றைய மதிப்பில் பல கோடி டாலர்!

எனவே எழுதி வையுங்கள். ஆனால் கீபோர்டுக்கு அடியிலோ, திரையில் ஒட்டியோ அல்ல. ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கிற இடத்தில், பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பாங்க் ஏ.டி.எம். எண்ணை அதே தாளில் எழுத வேண்டாம்.

நல்ல பாஸ்வேர்டுக்கு நீளம்தான் பலம். பெரிய எழுத்து, குறியீடு, 90 நாளுக்கு ஒருமுறை மாற்றம் என்ற பழைய விதிகளை 2003-ல் எழுதிய பில் பர் என்ற அமெரிக்க அரசு நிபுணரே, அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017-ல் சொல்லிவிட்டார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வார்த்தைகளைக் கோத்துவிடுங்கள். 'மக்ரூன் வல்லம் தாழம்பூ திருகை' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பாருங்கள். மனசில் படமாக நிற்கும், அடுத்தவர் ஊகிக்கவும் முடியாது. (இதையே வைத்துக்கொள்ளாதீர்கள், வாசகிகள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டதே!) மகன் பெயரும் பிறந்த வருஷமும், ஊருக்கே தெரிந்த 'பனிமயமாதா'வும் 'முத்துநகர்'உம் வேண்டாம்.

வலை விரிப்பவர்கள்

இன்டர்நெட்டில் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, உதவி எண்' என்று தேடினால் போலி நம்பர்கள் வரிசையாக வரும். கூப்பிட்டால் இனிமையாகப் பேசுவார்கள். செல்போனில் ஒரு ஆப் போடச் சொல்வார்கள். வந்த ரகசிய எண்ணைக் கேட்பார்கள். அந்த எண்ணைக் கேட்கிறவர் யாராக இருந்தாலும் திருடர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பணம் பறிபோய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த கையோடு ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து, மீட்பு நம்பர் எது, மீட்பு மெயில் எது என்று பாருங்கள். பழையதாக இருந்தால் மாற்றுங்கள். சோறு வடிகிற நேரத்துக்குள் முடிந்துவிடுகிற வேலைதான். அவரும் பிள்ளைகளும் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், எல்லோரையும் கூட உட்கார வைத்துக்கொண்டே செய்துவிடுங்கள்.